ஒரு குரல், பதினான்கு மனிதர்கள்: சாரா ஜோன்ஸின் கலைவாழ்வும் ஒரு வானொலி வழக்கும்

அமெரிக்க மேடைக் கலைஞர் சாரா ஜோன்ஸைப் பற்றித் தேடிப் படிப்பவர்கள் சில இடங்களில் குழம்பிப்போவது இயல்பு. ஒரு குறிப்பு அவரைக் கவிஞர் என்கிறது. இன்னொன்று நடிகை என்கிறது. அமெரிக்க நாடகத் துறையின் உயர்ந்த விருதான டோனியின் பட்டியலிலோ, நடிகைகளுக்கான பிரிவில் இல்லாமல் சிறப்பு விருது என்ற தலைப்பின் கீழ் அவர் பெயர் இருக்கிறது. இவற்றுக்கிடையே, அவருடைய கவிதை ஒன்றை அமெரிக்க அரசு தடை செய்து அவருக்கு அபராதமும் விதித்தது என்ற செய்தியும் உலவுகிறது. அந்தச் செய்தியில் பாதி உண்மை, பாதி பிழை.

கவிதையும் நடிப்பும் ஜோன்ஸுக்கு இரண்டு தொழில்கள் அல்ல என்பதைப் புரிந்துகொண்டால் இந்தக் குழப்பங்கள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஒரு சொல்லை யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார் என்பதைக் கேட்பவரின் காதில் நிறுவுவதே அவர் இரண்டிலும் செய்யும் வேலை. அவர் கவிதை மீது நடந்த வழக்கும், பின்னாளில் அவர் மீது எழுந்த விமர்சனமும் அதே கேள்வியைச் சுற்றியே அமைந்தன.

முதலில் சில சொற்கள்

ஸ்போக்கன் வேர்ட் என்பது காதுக்காக எழுதப்படும் கவிதை. கவியரங்கத்தைக் கேட்டு வளர்ந்த தமிழ் வாசகருக்கு, கவிதையை உரக்கச் சொல்வது புதிதல்ல. ஆனால் கவியரங்கத்தில் கவிஞர் கையில் தாள் இருக்கும். தலைமைக்கும் தலைப்புக்கும் அங்கே இடம் உண்டு. ஸ்போக்கன் வேர்ட் கவிஞர் பெரும்பாலும் மனப்பாடமாகவே நிகழ்த்துகிறார். எங்கே மூச்சு எடுக்கிறார், எந்தச் சொல்லுக்கு முன் நிறுத்துகிறார், எப்போது தோளைத் தளர்த்துகிறார் என்பவையும் அந்தக் கவிதையின் பகுதிகளே. அச்சிட்டுப் பார்த்தால் அதில் பாதி காணாமல் போயிருக்கும்.

போயட்ரி ஸ்லாம் என்பது அந்தக் கவிதைக்கான போட்டி. கட்டுமானத் தொழிலாளியாக இருந்த மார்க் ஸ்மித் என்ற கவிஞர் 1986-ல் சிகாகோவின் கிரீன் மில் மதுவிடுதியில் அதைத் தொடங்கினார். பின்னர் நிலைபெற்ற விதிகள் இவை:

1. ஒரு கவிதைக்கு மூன்று நிமிடம். அதற்கு மேல் பத்து வினாடி சலுகை உண்டு. அதையும் தாண்டினால் மதிப்பெண் குறையும்.

2. கவிதை சொந்தமாக எழுதியதாக இருக்க வேண்டும். பின்னணி இசை, வேடம், கைப்பொருள் எதற்கும் அனுமதியில்லை.

3. பார்வையாளர்களிலிருந்தே ஐந்து பேர் நடுவர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண் தருவார்கள். மிக அதிகமானதும் மிகக் குறைவானதும் நீக்கப்பட்டு, மீதி மூன்றின் கூட்டுத்தொகை எடுத்துக்கொள்ளப்படும். எனவே உச்ச மதிப்பெண் 30.

இரண்டாவது விதிதான் இங்கே முக்கியம். இசையும் உடையும் பொருளும் பறிக்கப்பட்ட பிறகு கவிஞரிடம் எஞ்சுவது குரலும் உடலும் மட்டுமே. மூன்று நிமிடக் கெடு இருப்பதால், பேசுகிற மனிதர் யார் என்பது முதல் சில வரிகளிலேயே கேட்பவருக்குத் தெரிந்துவிட வேண்டும். கவிதைப் போட்டி என்ற பெயரில் நடக்கும் மிகக் கடுமையான நடிப்புப் பயிற்சி என்றே இதைச் சொல்லலாம்.

ஓராள் நாடகம் என்பது ஒரே கலைஞர் பல பாத்திரங்களை ஏற்று நிகழ்த்தும் முழுநீள நாடகம். இதைப் பலகுரல் நிகழ்ச்சியோடு சேர்த்துப் பார்ப்பது தவறு. பலகுரல் கலைஞர் நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஒருவரை நினைவூட்டுகிறார். அவரைப் பார்த்திராதவருக்கு அந்த நகைச்சுவை எட்டாது. ஓராள் நாடகத்தில் வருபவரை நாம் அதற்குமுன் சந்தித்ததே இல்லை. எனவே ஒப்பிட மூலம் இல்லாத ஒரு மனிதரை அந்தக் கலைஞர் அடியிலிருந்து கட்டி எழுப்ப வேண்டும்.

இந்த வகையில் ஜோன்ஸுக்கு முன்னோடிகள் உண்டு. கவிதையையும் நடனத்தையும் இணைத்து 'கோரியோபோயம்' என்ற வடிவத்தை உருவாக்கிய நடோஸாகே ஷாங்கே 1976-ல் அதை நியூயார்க்கின் பெரிய வணிக நாடக அரங்குகளான பிராட்வேக்குக் கொண்டுவந்தார். ஆனா டிவியர் ஸ்மித், நூற்றுக்கணக்கானோரை நேர்கண்டு, அவர்கள் பேசியதைத் திக்கலும் தயக்கமுமாக அப்படியே மேடையில் நிகழ்த்தும் முறையை 1990-களில் நிலைநிறுத்தினார். ஜோன்ஸின் இடம் இந்த இருவருக்கும் நடுவில் இருக்கிறது. அவர் மனிதர்களைக் கூர்ந்து கேட்கிறார். ஆனால் பதிவை ஒப்பிக்காமல், கேட்டதிலிருந்து கற்பனைப் பாத்திரத்தை எழுதுகிறார்.

காது உருவான விதம்

ஜோன்ஸ் 1973-ல் பால்டிமோர் நகரில், பல இன வேர்கள் கலந்த குடும்பத்தில் பிறந்தவர். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் வளர்ந்தபோது ஐக்கிய நாடுகள் சர்வதேசப் பள்ளியில் படித்தார். ஐ.நா. ஊழியர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளி அது. ஒரே வகுப்பில் பத்து விதமான ஆங்கிலம் ஒலித்த சூழல் அவருடைய காதைப் பழக்கியது. பிரின் மார் கல்லூரியில் சேர்ந்து, பின்னர் நியூயார்க்குக்கே திரும்பினார்.

அங்கே அவருக்குக் கிடைத்த மேடை நூயோரிக்கன் போயட்ஸ் கஃபே. நியூயார்க், புவேர்ட்டோ ரிக்கோ என்ற இரண்டு பெயர்களும் ஒட்டிப் பிறந்த சொல் நூயோரிக்கன். 1973-ல் கவிஞர் மிகேல் அல்கரினின் வீட்டுக் கூடத்தில் தொடங்கிய இந்தக் கவிதை அரங்கு, பிறகு மன்ஹாட்டனின் கிழக்கு மூன்றாம் தெருவுக்கு இடம் மாறியது. அங்கே 1997-ல் நடந்த கிராண்ட் ஸ்லாம் போட்டியில் ஜோன்ஸ் வென்றார். அடுத்த ஆண்டே, எட்டுப் பாத்திரங்கள் கொண்ட 'சர்ஃபேஸ் டிரான்சிட்' என்ற ஓராள் நாடகத்தை அதே மேடையில் நிகழ்த்தினார்.

மூன்று நிமிடக் கவிதையிலிருந்து முழுநீள நாடகத்துக்கு அவ்வளவு விரைவாக எப்படிச் செல்ல முடிந்தது என்ற கேள்விக்கு, ஸ்லாம் விதிகளிலேயே விடை இருக்கிறது. ஒவ்வொரு ஸ்லாம் கவிதையும் ஒரு தனிமொழி. ஒவ்வொன்றையும் வேறு வேறு மனிதருக்குக் கொடுத்து, அந்த மனிதர்களின் வாழ்க்கை எங்கே உரசிக்கொள்கிறது என்று காட்டினால் நாடகத்தின் எலும்புக்கூடு தயாராகிவிடும்.

பாத்திரம் மாறும் கணம்

2009-ல் டெட் (TED) என்ற உரை மாநாட்டின் மேடையில் அவர் நிகழ்த்தியதைப் பார்த்தால் இந்தக் கலையின் நுட்பம் பிடிபடும். கண்ணாடி, கழுத்துத் துணி போன்ற ஓரிரு பொருள்களே அவரிடம் உள்ளன. முதிய யூதப் பெண்மணியான லொரெய்ன் லெவீன் பேசத் தொடங்கும்போது முதலில் மாறுவது குரல் அல்ல, முதுகு. தோள்கள் முன்னே சரிகின்றன, கழுத்து சற்று நீள்கிறது, கண்கள் எதிரே இருப்பவரைத் துழாவுகின்றன. உச்சரிப்பு அதற்குப் பிறகுதான் வருகிறது. வட்டார உச்சரிப்பை மட்டும் போலச் செய்தால் அது கேலியாக முடியும். அந்த வயதும், அந்த உடல்வலியும், பிறர் தன்னைக் கவனிக்க வேண்டுமே என்ற தவிப்பும் சேர்ந்து அந்த உச்சரிப்பைப் பிறப்பித்தால்தான் எதிரே ஒரு மனிதர் நிற்கிறார்.

இந்தத் திறன் உச்சத்தைத் தொட்ட படைப்பு 'பிரிட்ஜ் அண்ட் டனல்'. மன்ஹாட்டன்வாசிகள், பாலங்களையும் சுரங்கப் பாதைகளையும் கடந்து தங்கள் தீவுக்குள் வரும் புறநகர் மக்களைச் சற்று இளக்காரமாகக் குறிக்கும் தொடர் அது. அந்த இளக்காரச் சொல்லையே ஜோன்ஸ் தலைப்பாக வைத்தார்.

நாடகம் குயின்ஸில் நடக்கும் ஒரு கவிதை வாசிப்பு நிகழ்ச்சி. கணக்காளராகப் பணிபுரியும் பாகிஸ்தானியரான முகமது அலி அதைத் தொகுத்து வழங்குகிறார். குடியேறியவர்கள் ஒவ்வொருவராக மைக்கின் முன் வந்து தங்கள் கவிதையைப் படிக்கிறார்கள். பதினான்கு பாத்திரங்கள், எல்லாம் ஜோன்ஸ். அவையோரைச் சிரிக்கவைத்துக் கலகலப்பாக்கும் அந்தத் தொகுப்பாளருக்கு இடையிடையே வீட்டிலிருந்து தொலைபேசி அழைப்பு வருகிறது. 2001 செப்டம்பர் 11-க்குப் பிந்தைய அமெரிக்காவில் அவர் மீது அதிகாரிகளின் சந்தேகம் விழுந்திருக்கிறது என்பதை நாம் மெல்ல ஊகிக்கிறோம். அழைப்பை முடித்துக்கொண்டு மறுபடியும் மைக்குக்குத் திரும்பிப் புன்னகைக்கும்போது அந்தப் புன்னகையின் எடை நமக்குத் தெரியும். மிஸஸ் லிங் என்ற சீனத் தாய் வேறொரு பாரத்தோடு வருகிறார்: அவருடைய மகள் நேசிப்பது ஒரு பெண்ணை. தன்பால் இணையர்களை அன்றைய குடிவரவுச் சட்டம் குடும்பமாக ஏற்கவில்லை.

கவிதை அரங்கையே நாடகத்தின் களமாக்கியதுதான் இதில் பெரிய துணிவு. மைக்கின் முன் வந்து நிற்கும் ஒவ்வொருவருக்கும் பேசுவதற்கு ஒரு காரணம் தானாகவே கிடைத்துவிடுகிறது. அவர்கள் எழுதிய கவிதைகளில் சில சுமாரானவை. அந்தச் சுமாரான தன்மையையும் ஜோன்ஸ் மரியாதையோடு எழுதியிருக்கிறார்.

2004-ல் ஹாலிவுட் நடிகை மெரில் ஸ்ட்ரீப்பின் தயாரிப்பு ஆதரவோடு ஆஃப்-பிராட்வே எனப்படும் சிறிய அரங்கு ஒன்றில் தொடங்கிய நாடகம், 2006 ஜனவரியில் பிராட்வேயின் ஹெலன் ஹேய்ஸ் அரங்குக்கு வந்து அந்த ஆண்டு ஆகஸ்ட் வரை ஓடியது. அதே ஆண்டு சிறப்பு டோனி விருது கிடைத்தது. எழுதியவரும் நடித்தவரும் ஒருவரே, பதினான்கு பேரும் ஒருவரே என்கிறபோது, நாடகம், நடிகை என்று பிரித்து வைத்திருக்கும் வழக்கமான பிரிவுகளுக்குள் இப்படிப்பட்ட படைப்பு எளிதில் அடங்குவதில்லை. சிறப்பு விருது என்ற தலைப்பு அதற்குப் பொருந்திய இடமே.

கவிதை எதைப் பற்றியது?

வழக்குக்குக் காரணமான கவிதையின் பெயர் 'யுவர் ரெவல்யூஷன்', அதாவது 'உன் புரட்சி'. கறுப்பினக் கவிஞரும் இசைக்கலைஞருமான கில் ஸ்காட்-ஹெரன் 1970-களின் தொடக்கத்தில் புகழ்பெறச் செய்த ஒரு புரட்சிக் கவிதையின் வாக்கிய அமைப்பை அது எடுத்துக்கொள்கிறது. 1990-களின் ராப் பாடல்களில் பெண்களைக் குறித்து ஆண்கள் பாடிய வரிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அந்த ஆண்களிடமே திருப்பி நீட்டுகிறது. என் உடலை உன் வெற்றிச் சின்னமாக்கிவிட்டு அதற்குப் புரட்சி என்று பெயர் சூட்டாதே என்பது அதன் சாரம். பாலியல் குறிப்புகள் அதில் உண்டு. அவை மறுக்கப்படுவதற்காகவே அங்கே வருகின்றன. டிஜே வாடிமின் இசையோடு இணைந்து 1999-ல் அது ஒலிப்பதிவாக வெளிவந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் வானொலி, தொலைக்காட்சி அலைவரிசைகளுக்கு உரிமம் வழங்குவது கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம். அதன் விதிகளில் இரண்டு சொற்களைப் பிரித்தறிய வேண்டும்.

1. ஆபாசம்: பேச்சுரிமைப் பாதுகாப்பு இதற்கு அறவே கிடையாது. எதை ஆபாசம் என்பது என்பதற்கான மூன்று சோதனைகளை 1973-ல் உச்ச நீதிமன்றம் வகுத்தது. கலை மதிப்புள்ள படைப்பு இதற்குள் வராது.

2. அநாகரிகம்: இதற்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு உண்டு. ஆனால் பாலியல் அல்லது கழிவு உறுப்புகளையும் செயல்களையும் ஒலிபரப்பு ஊடகத்துக்கான சமூக அளவுகோலின்படி அப்பட்டமாகப் புண்படுத்தும் வகையில் விவரித்தால், அதைக் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை ஒலிபரப்பக் கூடாது. குழந்தைகள் கேட்கக்கூடிய நேரம் என்பதே காரணம். 1978-ல் பசிஃபிகா என்ற வானொலி நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் இந்த அதிகாரத்தை ஏற்றது.

அநாகரிகத்துக்கான வரையறையிலேயே 'சூழலில் வைத்துப் பார்க்கும்போது' என்ற நிபந்தனை இருக்கிறது. 2001 ஏப்ரலில் ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலும் மூன்றைப் பார்க்கச் சொன்னது: விவரிப்பு எவ்வளவு வெளிப்படையானது, அதிலேயே நீண்ட நேரம் நிலைக்கிறதா, கிளர்ச்சியூட்டவோ அதிர்ச்சியூட்டவோ பயன்படுகிறதா.

சூழல் என்பதை நம் இலக்கணம் நன்றாக அறியும். தொல்காப்பியம் செய்யுளின் உறுப்புகளாக 34-ஐ எண்ணும்போது, எழுத்து, அசை, சீர் ஆகியவற்றோடு கூற்று, கேட்போர், களன், காலம், பயன் என்பவற்றையும் சேர்த்தே வைக்கிறது. யார் கூற்று என்பது செய்யுளுக்கு வெளியே நிற்கும் தகவல் அன்று; அதுவும் செய்யுளின் உடம்பு. ஆணையம் அந்தக் கவிதையில் தவறவிட்டது இந்த உறுப்புகளைத்தான்.

நடந்தது என்ன?

1. 1999 அக்டோபரில், ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் இயங்கும் கேபூ என்ற சமூக வானொலி, இரவு 10 மணிக்கு முன்பாக இந்தக் கவிதையை ஒலிபரப்பியது. ஒருவர் புகார் அளித்தார்.

2. 2001 மே மாதம், அந்த வானொலிக்கு 7,000 டாலர் அபராதம் விதிக்கப்போவதாக ஆணையம் அறிவிப்பு அனுப்பியது. கவிதை சமூக விமர்சனம் என்ற வாதம் கருதத்தக்கது என்றாலும் முடிவைத் தீர்மானிக்கப் போதாது என்று அது கூறியது.

3. 2002 ஜனவரியில் ஜோன்ஸ் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஆணையத்தின் மீது வழக்குத் தொடுத்தார்.

4. அபராத அறிவிப்பு இறுதி ஆணை அல்ல என்பதால் விசாரிக்க இயலாது என்று கூறி, அதே ஆண்டு செப்டம்பரில் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அவர் மேல்முறையீடு செய்தார்.

5. மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோதே, 2003 பிப்ரவரியில் ஆணையம் தன் முடிவைத் தானே திரும்பப் பெற்றது. நூலிழையில் நிற்கும் வழக்குதான், ஆயினும் சூழலில் வைத்துப் பார்த்தால் இந்தக் கவிதை அநாகரிகம் ஆகாது என்றது. உயர்நிலைப் பள்ளிக் கூட்டங்களில் இதை நிகழ்த்தும்படி ஜோன்ஸ் அழைக்கப்பட்டிருந்ததையும் குறிப்பிட்டது.

ஆக, அபராதம் ஜோன்ஸுக்கு அல்ல, வானொலிக்கு. தடை என்று தனியாக ஓர் ஆணையும் இல்லை. ஆனால் இந்தச் சட்ட நுணுக்கத்துக்குள்தான் பெரிய அநீதி ஒளிந்திருக்கிறது. அறிவிப்பு வந்த நாள் முதல் எந்த வானொலியும் பகலில் அந்தக் கவிதையைத் தொடத் துணியாது. கவிதை அநாகரிகமானது என்ற முத்திரை கவிஞர் மீது விழுகிறது. ஆனால் அறிவிப்பு வானொலியின் பெயருக்கு வந்திருப்பதால், அதற்குப் பதிலளிக்கும் உரிமை கவிஞருக்கு இல்லை. நீதிமன்றத்துக்குப் போனால் ஆணை இன்னும் இறுதியாகவில்லை என்கிறார்கள். முத்திரையைத் துடைக்க 21 மாதங்கள் பிடித்தன.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு நிகழ்வு உண்டு. 2001 ஜூனில், ராப் பாடகர் எமினெமின் ஒரு பாடலுடைய வெட்டப்பட்ட வடிவத்தை ஒலிபரப்பியதற்காகக் கொலராடோவில் ஒரு வானொலிக்கு இதே 7,000 டாலர் அபராதம் அறிவிக்கப்பட்டது. அது 2002 ஜனவரியிலேயே, ஏழு மாதங்களில், திரும்பப் பெறப்பட்டது. ராப் பாடல்களின் பெண்ணிழிவைக் கண்டித்த கவிதைக்கு அதைப் போல் மூன்று மடங்கு காலம் ஆயிற்று. இரண்டு வழக்குகளின் நடைமுறையும் வேறு வேறானவை என்பதைக் கணக்கில் கொண்டாலும், இந்த வேறுபாடு மனத்தை உறுத்துகிறது.

2006-ல் நாடாளுமன்றம் இத்தகைய அபராதத்தின் உச்சவரம்பை ஒரு மீறலுக்கு 3,25,000 டாலராக உயர்த்தியது. நேயர்களின் நன்கொடையில் ஓடும் ஒரு சமூக வானொலி, அந்தத் தொகையை மனத்தில் வைத்துக்கொண்டு எந்தக் கவிதையை ஒலிபரப்பத் துணியும் என்பதை ஊகிக்கலாம்.

அமைப்புகளுக்காக எழுதிய நாடகங்கள்

வணிக அரங்கை மட்டும் நம்பி இப்படிப்பட்ட கலை பிழைக்காது. பெண்ணுரிமை அமைப்பான ஈக்வாலிட்டி நவ் கேட்டுக்கொண்டதன் பேரில், பெண்களுக்கு எதிரான சட்டங்களைப் பற்றி 'விமன் கான்ட் வெயிட்' என்ற நாடகத்தை எழுதி 2000-ல் ஐ.நா.வில் நிகழ்த்தினார். குடியேறியோருக்கான ஓர் அமைப்புக்காக அவர் எழுதிய சிறு நிகழ்வே பிறகு 'பிரிட்ஜ் அண்ட் டனல்' ஆக வளர்ந்தது. கெலாக் அறக்கட்டளைக்காக மருத்துவச் சமத்துவமின்மை பற்றியும் எழுதினார். இவை பிரசாரமாகச் சுருங்காமல் போனதற்குக் காரணம், கருத்தைப் பேச வைக்காமல் மனிதரைப் பேச வைத்ததே.

யாருக்காக யார் பேசுவது?

கூற்று யாருடையது என்ற கேள்வி கடைசியில் ஜோன்ஸையே நோக்கித் திரும்பியது. 2016-ல் மன்ஹாட்டன் தியேட்டர் கிளப் மேடையேற்றிய 'செல்/பை/டேட்' நாடகம், எதிர்காலத்தில் ஒரு பேராசிரியை பழங்காலப் பாலியல் தொழிலைப் பற்றி வகுப்பெடுப்பதாக அமைந்தது. அந்த வகுப்பில், கடந்த கால மனிதர்களின் நினைவுகள் ஒருவர் பின் ஒருவராக ஜோன்ஸின் உடலில் இறங்கிப் பேசின.

அதைத் திரைப்படமாக்கும் அறிவிப்பு 2021 தொடக்கத்தில் வந்தபோது, பாலியல் தொழிலாளர்கள் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். தங்கள் வாழ்க்கையை அந்தத் தொழிலில் இல்லாத ஒருவர் சொல்வதா, எங்கள் குரல் எங்கே என்று கேட்டார்கள். நிர்வாகத் தயாரிப்பாளர்களாக இணைந்திருந்த நடிகைகள் லவர்ன் காக்ஸ், ரஷீதா ஜோன்ஸ் ஆகிய இருவரும் விலகினார்கள்.

இந்த எதிர்ப்பைப் புறந்தள்ள முடியாது. மேடையில் முகமது அலியாகவும் மிஸஸ் லிங்காகவும் ஜோன்ஸ் நின்றபோதும் இதே கேள்வி இருந்தது. அன்று அதை உரக்கக் கேட்கும் வழி அந்த மக்களுக்குக் குறைவாக இருந்தது, அவ்வளவே. கூர்ந்து கேட்டு, மரியாதையோடு எழுதுவது பெரிய தகுதி என்பதில் ஐயமில்லை. ஆயினும் பேசப்படுகிறவர் தானே பேசக்கூடிய நிலையில் இருக்கும்போது அந்தத் தகுதி மட்டும் போதுமா என்பதற்கு, அவருடைய கலை அதுவரை விடை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஜோன்ஸே இயக்கிய அந்தப் படம் 2022-ல் வெளிவந்தபோது, நாடகத்தின் எதிர்கால வகுப்பறை அதில் இல்லை. ஆவணப்படமும் கற்பனையும் கலந்த புதிய வடிவம் அதன் இடத்தில் வந்திருந்தது. தன் மீது எழுந்த எதிர்ப்பை அவர் கதைக்குள்ளேயே கொண்டுவந்தார். அவருடைய பாத்திரங்கள் அவரைப் பின்தொடர, அவர் பாலியல் தொழிலில் இருப்பவர்களையும் அதிலிருந்து வெளியேறியவர்களையும் தேடிச் சென்று எதிரே அமர்கிறார். கேமரா முன் அவர்கள் தங்கள் சொந்தக் குரலில் பேசுகிறார்கள்; ஜோன்ஸ் கேட்டுக்கொண்டிருக்கிறார்.